முதல் பத்து வரியைப் பாருங்கள்



வீட்டிலிருந்தபடியே திருமண அழைப்பிதழ்கள் செய்து கொடுக்கும் சகோதரி ஒருவர் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். படங்களைத் திருத்துவதற்கு அவர் பாவிப்பது கிம்ப் என்ற இலவச மென்பொருள். புகைப்படத்தைச் சுற்றிப் பூவேலைக் கரை போடும் ஒரு பிளக்-இன்னை யாரோ பல வருடங்களுக்கு முன்னர் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய பாதி வேலை அதைக் கொண்டுதான் நடந்து வந்தது. மகன் கிம்ப்பின் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்த மறுநாள் அந்தக் கரை போடும் பிளக்-இன்னைக் காணோம். மெனு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை. கணனி திருத்துபவரிடம் கொண்டு போனால், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்ற வேண்டும்" என்றாராம். கணனிக்குள்ளே பிள்ளைகளின் படங்கள், வாடிக்கையாளர்களின் வேலைகள், கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நாற்பது அட்டை கொடுத்தாக வேண்டும்.

"எதையும் அழிக்க விடாதீர்கள். அந்தப் பிளக்-இன் கோப்பை நோட்பேடில் திறந்து, முதல் பத்து வரியை மட்டும் எனக்கு அனுப்புங்கள்" என்று அன்றே தகவல் அனுப்பினேன். வந்த வரிகளில் மூன்றாவதைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய கணனியில் ஒரு பழுதும் இல்லை. கிம்ப்பிலும் இல்லை. அந்தப் பிளக்-இன் எழுதப்பட்ட மொழியின் பழைய வடிவத்தைப் புதிய கிம்ப் ஏற்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த மாதம் இதைப் பற்றியே கதைப்போம். ஏனென்றால் இந்தச் சகோதரிக்கு நேர்ந்தது இன்னும் பலருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது.

பிளக்-இன் என்றால் என்ன? தையல் இயந்திரத்துக்கு ஸிக்ஸாக் போடவும் பொத்தான் துளை போடவும் தனித்தனிப் பாதங்களை வாங்கி மாட்டுகிறோம் அல்லவா, அதுபோல, பெரிய மென்பொருளோடு பிற்பாடு சேர்த்துக்கொள்ளும் சிறிய நிரல். வேறுபாடு என்னவென்றால், தையல் பாதம் இரும்பு. பிளக்-இன்னோ எழுத்து. யாரோ ஒருவர் ஏதோ ஒரு நிரல் மொழியில் எழுதியது. எந்த மொழியில் எழுதினார் என்பதைப் பொறுத்தே அதை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பதிப்பில் வேலை செய்யும், உள்ளே என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்க முடியுமா என்ற மூன்றும் அமைகின்றன.

கிம்ப் 1995இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பெர்க்லி வளாகத்தில், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்களால் தொடங்கப்பட்டது. யாரும் அதில் கூட்டலாம், மாற்றலாம் என்று ஆரம்பத்திலேயே திறந்துவிட்டார்கள். அதனால் உலகெங்குமுள்ளவர்கள் தத்தமக்குத் தெரிந்த மொழியில் பிளக்-இன் எழுதிச் சேர்த்தார்கள். இன்றும் கிம்ப்பில் ஃபில்டர்ஸ் மெனுவைத் திறந்து, டெகோர் என்பதன் கீழுள்ள ஓல்ட் ஃபோட்டோவை அழுத்தினால் படம் பழுப்பேறிய பழைய புகைப்படமாகும். அது ஸ்கீம் என்ற மொழியில் எழுதியது. ஃபாக் என்பது பனிமூட்டம் உண்டாக்கும். அது பைதன் மொழியில் எழுதியது. நீங்கள் இரண்டையும் பாவித்திருப்பீர்கள். வெளியே ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. கூடவே வரும் பிளக்-இன்களில் தெரியவும் தேவையில்லை. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கீமிலிருந்து தொடங்குவோம். 1975இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜெரல்ட் சஸ்மன், கை ஸ்டீல் என்ற இருவர் உருவாக்கிய மொழி இது. இந்த மொழியில் கிம்ப்புக்காக எழுதப்படுபவற்றை ஸ்கிரிப்ட்-ஃபூ என்று அழைப்பார்கள். கோப்பின் பெயர் எஸ், சி, எம் என்ற மூன்று எழுத்தில் முடியும். நோட்பேடில் திறந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் அடைப்புக்குறிகள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குச் சட்டி போல. ஒவ்வொரு கட்டளையும் ஓர் அடைப்புக்குறியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். கடைசி வரியில் நாலைந்து மூடும் அடைப்புக்குறிகள் ஒன்றாக நின்றால் வியக்க வேண்டாம். மேலே ஆசிரியர் குறிப்புகள் அரைப்புள்ளியில் தொடங்கும். பிறகு 'டிஃபைன்' என்ற சொல். கோப்பின் அடியில் 'ஸ்கிரிப்ட்-ஃபூ-ரெஜிஸ்டர்' என்று ஒரு பகுதி இருக்கும். அடையாளம் காண அந்தச் சொல் ஒன்றே போதும்.

அந்த ரெஜிஸ்டர் பகுதியை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். நம் வீட்டு இடாப்புப் போல அது. பிளக்-இன்னின் பெயர், என்ன செய்யும், எழுதியவர், எந்த ஆண்டு என்று எல்லாம் இருக்கும். மெனுவில் எந்த இடத்தில் தோன்றும் என்பதும் அங்கேயோ அதற்கு அடுத்த வரியிலோ இருக்கும். "ஏற்றினேன், வரவில்லை" என்று சொல்பவர்கள் பலரின் பிளக்-இன் உண்மையில் வந்துதான் இருக்கும். அவர்கள் தேடாத ஒரு மெனுவின் மூலையில் உட்கார்ந்திருக்கும். நானே ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இப்படித் தொலைத்திருக்கிறேன். வாசிப்பதற்கு முன் தேடியதுதான் என் பிழை.

அடுத்தது பைதன். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொஸம் 1991இல் வெளியிட்டது. பெயரைக் கேட்டுப் பாம்பை நினைக்க வேண்டாம். ஆங்கில நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்து அவர் எடுத்தது. இந்தக் கோப்புகள் பி, வை என்ற இரண்டெழுத்தில் முடியும். ஸ்கீம் அடைப்புக்குறியால் நடப்பது போலப் பைதன் இடைவெளியால் நடக்கிறது. ஒரு கட்டளைக்கு உட்பட்ட வரிகள் எல்லாம் இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, ஒரே நேர்கோட்டில் நிற்கும். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் நிரல் நின்றுவிடும். ஆகவே வட்ஸ்அப் செய்தியிலிருந்தோ வேறு எங்கிருந்தோ பிரதி செய்து ஒட்டிய பைதன் நிரல் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். கோப்பாகவே வாங்க வேண்டும். குறிப்புகள் இங்கே அரைப்புள்ளிக்குப் பதிலாக, தொலைபேசியில் இருக்கும் ஹேஷ் குறியில் தொடங்கும்.

இனித்தான் நம் சகோதரியை மாட்டிவைத்த இடம். பைதனில் இரண்டு தலைமுறை உண்டு. இரண்டாம் பைதன் பழையது. மூன்றாம் பைதன் 2008இல் வந்தது. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் அப்படியே ஓடாது. பழையதன் பராமரிப்பு 2020 ஜனவரி முதலாம் திகதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. 2018இல் வந்த கிம்ப் 2.10 பழைய பைதனையே பாவித்தது. 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 மூன்றாம் பைதனை மட்டுமே ஏற்கும். ஆனால் கோப்பின் பெயரைப் பார்த்தால் இரண்டும் பி, வை என்றே முடியும்.

எங்கள் உம்மும்மாக்களின் பழைய பெட்டிகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தைப் பார்த்தவர் அரபு என்பார். வாசித்தவர்தான் தமிழ் என்பார். பி, வை என்ற முடிவும் அத்தகையதே. வெளி எழுத்து ஒன்று, உள்ளே இருப்பது எதுவென்று வாசித்தால்தான் தெரியும்.

எதை வாசிப்பது? தொடக்கத்தில் 'ஃப்ரம் கிம்ப்ஃபூ இம்போர்ட்' என்று ஒரு வரி இருந்தால் அது பழைய தலைமுறை. கிம்ப் 2.10 வரைதான் அதற்கு ஆயுள். சகோதரி அனுப்பிய மூன்றாவது வரி இதுதான். கோப்பின் கடைசி வரியும் துணைக்கு வரும். பழையதில் 'மெயின்' என்ற சொல்லும் வெறும் அடைப்புக்குறியும் மட்டும் தனியே நிற்கும். புதிய தலைமுறையில் தொடக்கத்திலேயே 'இம்போர்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஜி, ஐ என்ற இரண்டெழுத்து இருக்கும். கொஞ்சம் கீழே கிம்ப் என்ற பெயரும் 3.0 என்ற இலக்கமும் மேற்கோள் குறிக்குள் சேர்ந்து வரும். இலக்கத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் இதைவிட என்ன வசதி வேண்டும்?

ஸ்கீமுக்கும் தலைமுறைச் சிக்கல் இல்லாமல் இல்லை. 2007இல் வந்த கிம்ப் 2.4, அதுவரை பாவித்த ஸ்கீம் இயக்கியை எடுத்துவிட்டு டைனிஸ்கீம் என்ற வேறொன்றைப் போட்டது. முன்னது பல விஷயங்களில் கண்டும் காணாதது போல விட்டுவிடும். புதியது கண்டிப்பானது. அறிவிக்காமல் ஒரு பெயரைப் பாவித்தால் 'அன்பவுண்ட் வேரியபிள்' என்று முறைப்பாடு செய்யும். அதனால் அன்றும் பல பழைய ஸ்கிரிப்டுகள் நின்றுபோயின. கிம்ப் 3.0இல் பழைய எஸ்.சி.எம். கோப்புகளில் சில ஓடும், சில ஓடாது. ஒரே நேரத்தில் பல படலங்களைத் தெரிவுசெய்யும் வசதி இப்போது வந்திருப்பதால், 'இமேஜ்-கெட்-ஆக்டிவ்-லேயர்' என்று ஒரே ஒரு படலத்தைக் கேட்கும் பழைய கட்டளை நீக்கப்பட்டுவிட்டது. அந்தச் சொல் உள்ளே கண்ணில் பட்டால், 3.0இல் அது ஓடாது என்று முடிவுசெய்துகொள்ளலாம்.

எங்கே வைப்பது என்பதற்கு வருவோம். எடிட் மெனுவில் பிரிஃபரன்ஸஸ், அதில் ஃபோல்டர்ஸ் என்ற பகுதி. அதன் கீழ் ஸ்கிரிப்ட்ஸ் என்றும் பிளக்-இன்ஸ் என்றும் இரண்டு தனித்தனி உறைகள். எஸ்.சி.எம். கோப்பு ஸ்கிரிப்ட்ஸ் உறைக்குள் போகும். பி.வை. கோப்பு பிளக்-இன்ஸ் உறைக்குள் போகும். மாற்றி வைத்தால் கிம்ப் திரும்பியும் பார்க்காது, பிழை என்றும் சொல்லாது. கிம்ப் 3.0இல் இன்னொரு நிபந்தனை: பைதன் கோப்பைப் பிளக்-இன்ஸ் உறைக்குள் அப்படியே போடக்கூடாது, கோப்பின் அதே பெயரில் உள்ளே ஒரு சிறு உறை செய்து அதற்குள் வைக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. (பிளக்-இன்ஸ் உறைக்குள் வைக்கும்படியான ஒரு புதுவகை ஸ்கீம் கோப்பும் 3.0இல் உண்டு, அதன் முதல் வரியில் 'கிம்ப்-ஸ்கிரிப்ட்-ஃபூ-இன்டர்பிரிட்டர்' என்று இருக்கும். அரிதாகவே காண்பீர்கள்.) லினக்ஸ் கணனி வைத்திருப்பவர்கள் பைதன் கோப்புக்கு இயங்கும் அனுமதியும் கொடுக்க வேண்டும்.

கோளாறு வந்தால் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஸ்கீம் கோப்பில் பிழையென்றால் ஒரு பெட்டி எழும்பி வந்து கூச்சல் போடும். பைதன் பெரும்பாலும் வாயே திறக்காது. மெனுவில் வராமலே இருந்துவிடும். சகோதரியின் பிளக்-இன் சத்தமில்லாமல் மறைந்ததற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது வகைதான் எனக்குக் கவலை தருவது. சி போன்ற மொழிகளில் எழுதி, கணனி நேரடியாக இயக்கும்படி மாற்றிய பிளக்-இன்கள் இவை. விண்டோஸில் இ, எக்ஸ், இ என்று முடியும். நோட்பேடில் திறந்தால் சதுரங்களும் கிறுக்கலுமாகத் தெரியும். ஒரு சொல்லும் விளங்காது. வேகமானவை, நல்ல வேலை பல செய்பவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களாலும் பார்க்க முடியாது, என்னாலும் பார்க்க முடியாது. கொடுத்தவர் யார் என்பதை நம்பியே எடுக்க வேண்டும். இவற்றிலும் 2.10க்குச் செய்தது 3.0இல் ஓடாது, திரும்பச் செய்ய வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள் சகோதரிகளே. பிளக்-இன் என்பது படத்தை மட்டும் தொடும் அப்பாவிப் பொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கணனியில் நீங்கள் எதையெல்லாம் செய்யலாமோ அதையெல்லாம் அதுவும் செய்யலாம். கோப்புகளை அழிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம். நாங்கள் மெனுவில் அழுத்தும் வரை அது தூங்கிக்கொண்டிருக்கும் என்றும் எண்ண வேண்டாம். புதிதாக ஒரு கோப்பைப் பிளக்-இன்ஸ் உறையில் வைத்தால், அடுத்த தடவை கிம்ப் திறக்கும்போதே, 'நீ யார், உன் பெயர் என்ன?' என்று கேட்பதற்காக அதை ஒருமுறை இயக்கிப் பார்க்கும். ஸ்கிரிப்ட்ஸ் உறையிலுள்ளவற்றையும் தொடக்கத்திலேயே வாசித்துவிடும். வைத்ததே போதும், அழுத்தத் தேவையில்லை.

எனவே வாசிக்கக்கூடியதை வாசித்துவிட்டு வையுங்கள். முழுவதும் விளங்க வேண்டியதில்லை. பூக்கரை போடும் பைதன் கோப்பில் படம், படலம், நிறம், அகலம் என்ற சொற்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 'சப்பிராசஸ்', 'சொக்கெட்', 'ஆர்எம்ட்ரீ' போன்றவை இருக்க வேண்டிய காரணமில்லை. முதலாவது வேறொரு நிரலை இயக்குவது, இரண்டாவது வலையமைப்போடு பேசுவது, மூன்றாவது ஓர் உறையை உள்ளிருப்பவற்றோடு சேர்த்து அழிப்பது. 'ஓ, எஸ்' என்ற சொல் வந்ததற்காக மட்டும் பயப்பட வேண்டாம். கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க அது தேவைப்படும். ஆனால் இரண்டு மூன்று பக்கத்துக்கு இடைவெளியே இல்லாமல் எழுத்தும் இலக்கமும் கலந்து ஒரே கட்டியாக நின்றால், எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள். தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வைக்காதீர்கள். ஸ்கீமின் கை இவ்வளவு நீளமில்லை. அதற்காகக் கையே இல்லை என்றும் சொல்ல முடியாது, கோப்பை அழிக்கும் கட்டளை அதிலும் உண்டு.

விண்டோஸ் கோப்புப் பெயரின் முடிவெழுத்துகளைச் சாதாரணமாக மறைத்தே வைத்திருக்கும். எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதற்குச் சரி போட்டுவிடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள். மறைத்து வைத்தால், எஸ்.சி.எம். என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது உண்மையில் எஸ்.சி.எம். என்பதற்குப் பின்னால் இ.எக்ஸ்.இ.யும் ஒட்டிய கோப்பாக இருக்கலாம். அடைப்புக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமும் கிறுக்கலும் தெரிந்தால் உடனே மூடிவிடுங்கள். இன்னொரு பக்கம், ஒரு தீங்குமில்லாத கோப்பு கடைசியில் டி.எக்ஸ்.டி. ஒட்டிக்கொண்டு வந்து, வேலை செய்யாமல் உங்களை அலைக்கழிக்கவும் கூடும். திறந்தவுடன் முதல் வரியில் 'டொக்டைப்' என்றும் 'எச்டிஎம்எல்' என்றும் இருந்தால் நீங்கள் இறக்கியது பிளக்-இன்னே அல்ல, அது இருந்த இணையப் பக்கம்.

ஏற்கெனவே ஏற்றியிருப்பவற்றின் மொழியை அறிய ஹெல்ப் மெனுவில் புரொசீஜர் பிரவுசர் இருக்கிறது. அதில் 'ஸ்கிரிப்ட்-ஃபூ' என்று தொடங்கும் பெயர்கள் ஸ்கீமுக்குரியவை, 'பைதன்-ஃபூ' என்று தொடங்குபவை பைதனுக்குரியவை. 'பிளக்-இன்' என்று தொடங்குபவை பெரும்பாலும் சி மொழியில் எழுதியவை. பெயர் வைப்பது எழுதியவர் கையில் இருப்பதால் இதைச் சாட்சியாக எடுக்கலாம், தீர்ப்பாக எடுக்க வேண்டாம். ஃபொட்டோஷொப்புக்கென்று வரும் ஏ.டி.என்., ஜே.எஸ்.எக்ஸ். கோப்புகளை இந்த உறைகளில் வைத்துப் பயனில்லை; அவை வேறு வீட்டுக்குரியவை.

இரண்டு வகையிலும் ஒரு கால் வைத்திருப்பது ஜிமிக். பிரான்சின் கான் நகரிலுள்ள கிரெய்க் ஆய்வுகூடம் 2008இலிருந்து தந்துவருவது. கிம்ப்புக்குள் ஏற்றும் பகுதி வாசிக்க முடியாத மூன்றாம் வகை. ஆனால் அதற்குள் இருக்கும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட விளைவுகள் ஜிமிக்கின் சொந்த மொழி ஒன்றில் எழுதப்பட்டவை, அவற்றை வாசிக்கலாம். கரை போடும் வேலைக்கும் அதில் ஒரு தனிப் பகுதி இருப்பதால், சகோதரிக்கு அதையே சொன்னேன். அதை உரிய தளத்திலிருந்து, அவருடைய கிம்ப் பதிப்புக்கென்று செய்ததையே எடுக்கும்படியும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு ஜிமிக் பழகிக்கொண்டிருக்க நேரமில்லை. தம்பியின் பழைய மடிக்கணனியில் கிம்ப் 2.10 அப்படியே இருந்தது. பிளக்-இன்னை அங்கே கொண்டுபோய் நாற்பது அட்டைக்கும் கரை போட்டு முடித்தார். 3.0இல் புது வசதிகளைப் பாவித்துச் சேமித்த படத்தை 2.10 திறக்காமல் போகலாம் என்பதால், படங்களை பி.என்.ஜி. ஆக்கிக் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். அந்தப் பூக்கரைக் கோப்பின் ரெஜிஸ்டர் பகுதியில் எழுதியவரின் பெயர் இருக்கிறதாம். மூன்றாம் பைதனுக்கு மாற்றித் தர முடியுமா என்று அவரைக் கேட்டு எழுத, நிரல் படிக்கும் தன் மருமகளை உட்கார வைத்திருப்பதாக நேற்று வந்த தகவலில் சொல்லியிருந்தார்.